பெடல் கட்டை

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தவர் முதலில் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். காரின் கதவில் வைத்தார், ஒட்டியது. பக்கவாட்டுத் தகட்டில் கீழே வைத்தார், நழுவி விழுந்தது. "இங்க பட்டி பாத்திருக்காங்க மேடம்" என்றார். தகரம் துருப்பிடித்த இடத்தில் பட்டி அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். பழைய கார்களுக்கு மதிப்புப் போடுவது அவருடைய தொழில். கையில் ஒரு அட்டையும் தாளும். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் "ஒரிஜினல்", வலப்பக்கம் "மாற்றப்பட்டது". அரை மணி நேரத்தில் வலப்பக்கம் நிறைந்துவிட்டது.

கடைசியாக ஓட்டுநர் இருக்கைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றிலும் மரக்கட்டைகள் கட்டியிருந்தன. "இதெல்லாம் கழட்டிப் போட்டுரலாங்க. யாரோ வீட்ல வச்சுச் செஞ்சிருக்காங்க."

யாரோ இல்லை. என் அத்தை.

கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இன்றைய மாணவிகளுக்கு இந்தப் பெயர் தெரிய நியாயமில்லை. 1960களில் இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் மூன்று வகைதான்: அம்பாசிடர், பியட், ஹெரால்டு. முதலிரண்டும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பிறந்தவை. மூன்றாவது நம் ஊர்க்காரி. சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961இலிருந்து அதைச் செய்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டு. உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பிற்காலத்தில் நான்கு கதவு வந்தாலும் முதலில் வந்தவற்றுக்கு இரண்டே கதவு. முன்பக்க மூடி இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முதலை வாயைப் போல மொத்தமாகத் திறக்கும். உடம்பு ஒரே கூடாக இல்லாமல் துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கும். கூரையைக்கூட நட்டுகளைக் கழற்றித் தூக்கி வைத்துவிடலாம். இதே சட்டகத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் கம்பெனி 1962இல் ஸ்பிட்பயர் என்ற பந்தய ஜாதிக் காரைக் கொண்டுவந்தது. அக்காளும் தங்கையும் போல.

மாமா அந்தத் தங்கையைப் பற்றி ஏதோ பத்திரிகையில் படித்திருக்கிறார். 1964இல் வாங்கிய புது ஹெரால்டின் கூரையை இரண்டே வருஷத்தில் கழற்றினார். பின்சீட்டை எடுத்துப் பாரம் குறைத்தார். ஒற்றைக் கார்புரேட்டரை மாற்றி இரட்டை போட்டார். சிவப்புப் பெயிண்ட் அடித்தார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போது கார்ப்பந்தயம் நடக்கும். அங்கே ஒரே ஒருமுறை ஓட்டினார். எத்தனையாவதாக வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பந்தயத்தின் போட்டோ மட்டும் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஏரலில் பாத்திரக்கடைக்காரர் மகன் ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தலையில் தொப்பியோடு, திறந்த காரில் கை அசைக்கிற போட்டோ. 1970இல் மாமா இறந்துபோனார். அத்தைக்கு முப்பது வயது, அத்தானுக்கு ஐந்து.

அத்தை நர்ஸ் படித்தவள். மாமா இருந்தவரை வேலைக்கு அனுப்பவில்லை. அவர் போன பிறகு வீட்டின் முன்னறையிலேயே பிரசவம் பார்க்க ஆரம்பித்தாள். சிறுத்தொண்டநல்லூர், உமரிக்காடு, வாழவல்லான், பெருங்குளம், கொற்கை வரை ஆள் வந்து கூப்பிடுவார்கள். முதலில் மாட்டுவண்டியில் போனாள். வாழைத்தோட்டங்களுக்கு நடுவே அந்த வண்டி போய்ச் சேர்வதற்குள் இரண்டு பிள்ளைகள் தவறிவிட்டன. மூன்றாம் முறை ஆள் வந்தபோது கொட்டகையில் நின்ற சிவப்புக் காரின் சாவியை எடுத்தாள் என்று ஆச்சி சொல்வாள். அது கதை. உண்மையில் அதற்குமுன் ஒரு மாதம், மாமாவின் டிரைவரை வைத்து ஆற்றங்கரை மணலில் அதிகாலையில் ஓட்டிப் பழகியிருக்கிறாள்.

அத்தை நாலே முக்கால் அடி உயரம். கிளட்சை முழுக்க மிதிக்கக் கால் எட்டவில்லை. எனவே பூவரசு மரத்தில் மூன்று கட்டைகள் செய்து தரும்படி ஆசாரியிடம் சொன்னாள். சைக்கிள் டியூபை வெட்டி அவற்றைப் பெடலோடு இறுக்கிக் கட்டினாள். இருக்கையைச் சட்டம் கொடுத்து உயர்த்தினாள். மாமா பின்சீட்டை எடுத்த இடத்தில் பலகை அடித்து, அதன்மேல் தேங்காய்நார் மெத்தை. ஒரு கம்பியில் கொக்கி, இரவில் அரிக்கன் விளக்குக்கு, பின்னாளில் குளுக்கோஸ் பாட்டிலுக்கு. மழைக்கு, பஜாரில் தார்ப்பாய் தைக்கிறவரிடம் சொல்லி ஒரு மடக்குக் கூடாரம்.

இப்படித்தான் ஒரு பந்தயக் கார் பிரசவக் காரானது. எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக இருக்கிற பலர் பிறப்பதற்கு முன்பே அதில் பயணம் செய்தவர்கள். சிலர் அதிலேயே பிறந்தவர்கள்.

மதிப்பீட்டாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "சென்டிமென்ட்டுக்கு விலை போட முடியாதுங்க மேடம்" என்றார். பிறகு சோழவரம் போட்டோவைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. போட்டோவைத் தன் போனில் படம் எடுத்தார். இரட்டைக் கார்புரேட்டரை மறுபடி போய்ப் பார்த்தார். வலப்பக்கப் பட்டியலில் எழுதியிருந்த கார்புரேட்டரையும் கூரையையும் வட்டமிட்டு, "பந்தய காலத்து மாற்றம்" என்று பக்கத்தில் குறித்தார். இப்படிப்பட்ட மாற்றம் காரின் வரலாற்றில் சேர்ந்துவிடுமாம். அது விலையைக் குறைக்காது, கூட்டும்.

"அப்போ பெடல் கட்டை?"

"அது வேறங்க. அது… வசதிக்கு."

இரண்டு தொகை சொன்னார். இப்போது நிற்கிற நிலையில் ஒன்று. பலகை, கொக்கி, கட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சோழவரத்தில் ஓடிய கோலத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தால் இன்னொன்று. இரண்டாவது முதலாவதைப்போல நான்கு மடங்கு. மாமா ஓட்டியது ஒரு மதியம். அத்தை ஓட்டியது இருபத்தெட்டு வருஷம்.

கார் அத்தானுடையது. 2022இல் அத்தை இறந்தபின் சட்டப்படி அவர்தான் வாரிசு. சென்னையில் இருக்கிறார். ஏரலில் இருக்கிறவள் நான் என்பதால் மதிப்புப் போட வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிடுவது என் வேலை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகுதான் விற்றுவிடலாம் என்று அவர் முடிவெடுத்தார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலையை அறுத்துக்கொண்டு போனது. ஏரல் தனித்தீவானது. பஜார் முழுக்கச் சேறு. கொட்டகையில் கார் இரண்டு நாள் ஸ்டீயரிங் வரை தண்ணீரில் நின்றது. வடிந்தபின் போய்ப் பார்த்தேன். மெத்தை கரைந்து போயிருந்தது. ஆர்.சி. புத்தகம் கூழாகியிருந்தது. அதில் கடைசி வரை மாமாவின் பெயர்தான். பெடல் கட்டைகள் மட்டும் வண்டலுக்கடியில் அசையாமல் இருந்தன.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டுத்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். எது மூலம், எது பிற்சேர்க்கை என்று தாளின் நடுவே கோடு போடுகிற வேலையை நானும் ஆறு வருஷம் செய்திருக்கிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் ஆழ்வார்திருநகரி. உ.வே.சா. பத்துப்பாட்டு ஏட்டைத் தேடி அங்கே கவிராயர் வீடுகளுக்கு அலைந்தவர். 1889இல் அந்த நூலைப் பதிப்பித்தார். எழுதினவரின் கையெழுத்து ஏடு என்று ஒன்று அவருக்கு எங்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவை படியெடுத்தவரின் படியெடுத்தவருடைய படிகள். பனையோலை சில நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்காது, படியெடுத்தால்தான் நூல் பிழைக்கும். படியெடுக்கிறவர் கை பட்டால் மாற்றம் வரும். மாறாத ஏடு செல்லரித்துப்போன ஏடுதான்.

கார்களுக்கும் இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 1990, லண்டன் உயர் நீதிமன்றம். வழக்கின் பொருள் "பழைய நம்பர் ஒன்" என்று செல்லமாக அழைக்கப்பட்ட பென்ட்லி கார். பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 1929, 1930 இரண்டு வருஷமும் தொடர்ந்து வென்ற கார். அதற்குப் பிறகு அதற்கு எட்டு லிட்டர் எஞ்சின் வைத்தார்கள். 1932இல் ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் அது விபத்தில் சிக்கி ஓட்டியவர் இறந்தார். மறுபடி கட்டினார்கள், மேலே மூடிய உடம்பு வைத்தார்கள். பல கை மாறி, மறுபடியும் பந்தயக் கோலம் பூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியபின், இது அந்தக் கார்தானா என்று வாங்கியவர்கள் கேட்டார்கள்.

நீதிபதி ஓட்டன் உதிரி உதிரியாக விசாரித்தார். 1929இல் வென்ற காரில் உறுதியாகச் சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. 1930இல் வென்ற காரிலிருந்து மிச்சம் மூன்றே மூன்று: பெடல்கள் நிற்கிற தண்டு, கியர்பாக்ஸின் கூடு, ஸ்டீயரிங் தண்டு. ஆகவே இதை "ஒரிஜினல்" என்று சொல்ல முடியாது என்றார். ஆனால் இது போலியும் இல்லை, செத்துப் பிழைத்த காரும் இல்லை. ஒருநாளும் இந்தக் கார் இல்லாமல் போகவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய காரின்மேல் நடந்தது. வரலாறு அறுபடவில்லை. ஆகவே இது உண்மையான பழைய நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். மூலமாக இருப்பதும் உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்பதை ஒரு பழைய காரை முன்னால் வைத்துக்கொண்டு அவர் பிரித்துச் சொன்னது எனக்குப் பிடித்துப்போனது.

அதே ப்ரூக்லண்ட்ஸில் கே பெட்ரே என்ற பெண் கார் ஓட்டினாள். கனடாவில் பிறந்தவள். உயரம் நாலு அடி பத்து அங்குலம். 1935இல் அவள் ஓட்டிய டெலாஜ் காரின் எஞ்சின் பத்தரை லிட்டர், எங்கள் ஹெரால்டு எஞ்சினைப்போலப் பதினோரு மடங்கு. அதில் மணிக்கு 134 மைலுக்கு மேல் ஒரு சுற்று அடித்தாள். பெடல் எட்டாததால் அவளுக்கும் கட்டை வைத்தார்கள். முதுகுக்கு மெத்தை வைத்தார்கள். இதைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பத்தரை லிட்டர் டெலாஜிலும் ஏரல் ஹெரால்டிலும் பெண்ணின் காலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. இயந்திரத்தைச் செய்தவர்கள் யாருடைய காலை அளந்து செய்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டைகள்தான் சாட்சி. அவற்றை "வசதிக்கு" என்று ஒதுக்கிவிட்டால் சாட்சியும் போய்விடும்.

மறுநாள் சட்டத்தைப் படித்தேன். 2021இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழமையான வாகனங்களுக்குத் தனிப் பிரிவு சேர்த்தது. ஐம்பது வயது தாண்டிய கார் மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருந்தால் தனி நம்பர் கிடைக்கும், தட்டில் விஏ என்ற எழுத்துகளோடு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. வாகனத்தைக் கம்பெனி செய்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். சட்டகம், உடற்கூடு, எஞ்சின். அத்தை இந்த மூன்றில் எதையும் தொடவில்லை. இருக்கை, பலகை, கொக்கி, கட்டை, எல்லாம் ஒரு ஸ்பேனரும் பேனாக்கத்தியும் இருந்தால் கழன்றுவிடும். கூரையைக் கழற்றியதும் எஞ்சினில் கை வைத்ததும் மாமா. விதியின் கண்ணில் காரின் மூலத்தன்மையைக் கெடுத்தவர் அவர். கூரையோ பத்திரமாக இருந்தது. அத்தை அதைக் கிணற்றடியில் மோட்டாருக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதைத் திரும்பப் பூட்டி, ஒற்றைக் கார்புரேட்டர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினால் நம்பர் கிடைக்கக்கூடும். மாமாவின் பந்தயம் போய்விடும், அத்தையின் பிரசவப் பலகை நிற்கும்.

வெற்றிக் களிப்போடு அத்தானுக்குப் போன் போட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை.

"எங்கப்பா கைபட்டதுன்னு இருக்கது அது ஒண்ணுதான், பிள்ள" என்றார்.

அந்த ஒரு வரி என்னை உட்கார வைத்துவிட்டது. மதிப்பீட்டாளர் அத்தைக்குச் செய்ததை நான் மாமாவுக்குச் செய்யப் பார்த்தேன். கோடு அதே இடத்தில்தான் இருந்தது. பெயர்களை மட்டும் இடம் மாற்றியிருந்தேன்.

அப்போதுதான் அத்தை சொன்னது ஞாபகம் வந்தது. 1996இல் அவளிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கல்லூரிக்குப் பஸ்ஸில் போனால் போதாதா, பொட்டப்பிள்ளைக்கு எதுக்குக் காரு என்று அப்பா சத்தம் போட்டார். அத்தை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து ஹாரன் அடித்தாள். சேர்மன் கோயிலைத் தாண்டி ஆற்றோரம் போய் என்னிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்தாள். "ஏட்டி, கட்டைய மிதி, பெடல மிதிக்காத" என்பாள். கட்டை எனக்கும் சரியாகத்தான் இருந்தது. நான் அவளைவிட இரண்டு விரற்கடைதான் உயரம்.

ஒருநாள் கேட்டேன், கூரைதான் இருக்கிறதே, ஏன் மாட்டவில்லை என்று.

"உங்க மாமா கழட்டினத நான் மாட்டினா அவுகள அழிச்ச மாதிரி ஆயிரும்லா, அப்படின்னு எங்க மாமியார்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள். பிறகு சிரித்தாள். "ரெண்டு கதவு வண்டிட்டீ இது. நெறமாசக்காரிய முன்சீட்ட மடக்கிக் குனிய வச்சு உள்ள ஏத்த முடியுமா? கூரை இல்லன்னா மேல கூடித் தூக்கிப் படுக்க வச்சிரலாம். அதான்."

கழற்றியது அவர். கழற்றியபடியே விட்டது அவள். அவர் காற்று வாங்கத் திறந்ததை அவள் கர்ப்பிணிகளுக்குத் திறந்து வைத்தாள். அந்தத் திறந்த கூரையைத் தாளின் எந்தப் பக்கத்தில் எழுதுவது? யாருடைய பெயரில் எழுதுவது? பெண்கள் பெரும்பாலும் ஆண்கள் விட்டுப்போனவற்றின்மேல்தான் எழுத வேண்டியிருக்கிறது. வீடு, கடை, பெயர், மொழி எல்லாமே அப்படித்தான். புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ள யாரும் காசு தருவதில்லை. இருக்கிறதில் கட்டை வைத்து, கொக்கி வைத்து, ஓட்டுகிறோம். அதை மூலம் இல்லை என்று சொல்கிறவர்களிடம், கீழே இருப்பதை அழித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை வீசுவதில்லை. எந்த ஏட்டில் எப்படி இருந்தது என்று அடியில் குறித்துவிடுகிறார்.

மதிப்பீட்டாளரை மறுபடி கூப்பிட்டேன். இந்தமுறை அத்தையின் நோட்டைக் காட்டினேன். பரணில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது. 1971 தொடங்கி ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு வரி: தேதி, ஊர், தாயின் பெயர், ஆணா பெண்ணா, எடை. காரில் போனதற்குப் பக்கத்தில் "கார்" என்றும், பெட்ரோல் போட்ட கணக்கும். "பால்குடிப் பிள்ள மாதிரி குடிக்கி" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள், இரட்டைக் கார்புரேட்டரைத் திட்டி. காரிலேயே பிறந்ததற்கு மட்டும் சிவப்பு மையில் ஒரு புள்ளி. எண்ணிப் பார்த்தேன், நான்கு புள்ளிகள். கார் செய்த வேலைக்கு இதைவிடத் தொடர்ச்சியான ஆவணம் எந்தப் பந்தயக் காருக்கு இருக்கும்?

அவர் வெகுநேரம் நோட்டைப் புரட்டினார். "நாங்க ஓனர் பேரத்தான் பாப்போம். ஓட்டினவங்க கணக்க யாரும் கொண்டுவந்து காட்டினதில்லீங்க" என்றார். தாளில் கோடு போடவில்லை. வருஷ வரிசையில் எழுதினார். 1964, கம்பெனியிலிருந்து வந்தபடி. 1966, பந்தயத்துக்கான மாற்றங்கள், செய்தவர் பெயரோடு. 1971, பிரசவ ஊர்திக்கான மாற்றங்கள், அதுவும் செய்தவர் பெயரோடு. 2023, வெள்ளம். விலையை மாற்றவில்லை. சந்தை அப்படித்தான் இருக்கிறது மேடம் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இந்த நிலையில் காருக்கு நம்பர் கிடைக்காது. ரோட்டில் ஓட்டவும் முடியாது. எஞ்சினுக்குள் வண்டல். அத்தான் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார்.

"அம்மைக்குக் கால் எட்டாதா?"

"எட்டாது அத்தான்."

"எனக்குத் தெரியாதே. நான் பக்கத்துலதான உக்காந்து போவேன்."

பிறகு சொன்னார், விற்க வேண்டியதுதான், பணம் தேவை இருக்கிறது. ஆனால் கட்டையைக் கழற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறவனுக்குத்தான் விற்பது. இதுவரை மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் ஆண்கள். மூன்று பேரும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறது என்று சொல்லி இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொட்டகையைத் திறந்து கூட்டுகிறேன். பிறகு அதே இருக்கையில் ஏறி உட்காருகிறேன். எனக்கு முழங்கால் இடிப்பதில்லை.